கோட்டும் கோட்டியும்

அந்தப் பொட்டலத்த இங்கன வை தம்பி. அவசரப்பட்டுப் பிரிக்காத. மொதல்ல வெலையச் சொல்லு.

18,000 ரூவாயா? மெள்ளச் சொல்லு. அடுக்களையில ஒங்க ஆச்சி இருக்கா. எங்க கல்யாணத்துக்கே அவ்வளவு ஆகல.

மழைக்கோட்டுன்னுதான சொன்ன? எங்க சங்கரன்கோயில் பக்கம் புத்தி பெரண்டவனக் கோட்டிக்காரன்னு சொல்லுவோம். கோட்டுக்காரன், கோட்டிக்காரன். நடுவுல ஒரு சுழிதான் வித்தியாசம். நீ எந்தச் சுழின்னு பொறவு பாப்போம். உக்காரு. சாயா குடி.

அட்டையில என்ன போட்டிருக்கு? எழுத்துக்கூட்டி வாசி. கோடை மழைக்கு ஏத்த லேசான கோட்டா? சரி. எந்த ஊருக் கோடை? எந்த ஊரு மழை? அதக் கேட்டியா? லண்டன்ல ஒரு வருசம் முழுக்கப் பெய்யுத மழை 600 மில்லிமீட்டர், கொஞ்சம் முன்னப்பின்ன. இங்க கொச்சியில ஜூன் ஒரு மாசமே அதத் தாண்டிரும். அவன் ஊருல கோடையில தூறல் விழுந்தா கூடவே குளிர்காத்தும் வரும். கோட்ட இழுத்து மூடிக்கிட்டு கையப் பையில விட்டுக்கிட்டு நடப்பான். பாக்க அழகாத்தான் இருக்கும். இங்க மேட மாசத்து மழை எப்படி வரும்? வாரதுக்கு முந்தி அரை மணி நேரம் மட்டாஞ்சேரியவே தூக்கி இட்லிக் கொப்பரைக்குள்ள வச்ச மாதிரி இருக்கும். வந்தா ஊத்து ஊத்துன்னு ஊத்தும். விட்டதும் ரோட்டுலேருந்து ஆவி கெளம்பும். நீயே சொல்லு, வேகுத இட்லிக்கு யாராவது கோட்டு மாட்டுவானா?

இங்க மழை ஒண்ணு இல்ல தம்பி, அதயும் தெரிஞ்சுக்கோ. நம்ம சித்திரைக்கு மலையாளத்துக்காரங்க மேடம்பாங்க. அப்ப வாரது வேனல் மழை. மலையில கருக்கட்டி, சாயங்காலமா கெழக்கேருந்து இடியோட வரும். அரை மணி, மிஞ்சிப் போனா ஒரு மணி. அதுக்குப் பொறவு வைகாசி நடுவுல எடவப்பாதி. அது மேக்கேருந்து, கடல்லேருந்து வரும். வந்தா விருந்தாளி மாதிரி இல்ல, வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. சாதாரணமா ஜூன் 1-ம் தேதிக்கு ஆஜர். அன்னிக்குத்தான் பள்ளிக்கூடமும் தொறக்கும். பிள்ளைங்க அழுகையும் மழையும் ஒண்ணா ஆரம்பிக்கும். 2025-ல அவசரம் பொறுக்காம மே 24-ம் தேதியே வந்து நின்னுட்டு. ஐப்பசியில துலாவர்சம், அது தனி. இந்த மூணுக்கும் ஒரே கோட்டுன்னு ஒருத்தன் விக்கான், நீயும் வாங்குத.

நானும் ஒரு காலத்துல மழையத் தெரியாதவன்தான். எங்க ஊரு மலைக்கு அந்தப் பக்கம். மேகம் கொண்டு வாரத எல்லாம் மலையாளத்துலயே எறக்கிப்போட்டுட்டு, வெறுங்கையோட ஆரியங்காவு வழியா வரும். எங்களுக்குக் கெடைக்கது சாரலும் காத்தும்தான். பதினாறு வயசுல செங்கோட்டையில ரயிலேறி, இங்க பஜார் ரோட்டுல ஒரு மிளகு பாண்டிகசாலையில வேலைக்குச் சேந்தேன். நம்ம ஊருல பண்டகசாலைம்போம், இவங்க பாண்டிகசாலைம்பாங்க. மூட்டை தூக்கினேன், பொறவு எடைபோட்டேன். நாப்பது வருசம் தராசுக்குப் பக்கத்துலயே நின்னவன் நான். அதனாலதான் யாரு என்ன சொன்னாலும், எடைபோட்டுப் பாப்போமான்னு கேக்கேன்.

வந்த மொத மழையில நடந்த கூத்தக் கேளு. ஊத்துது. எனக்கு ஊருப் பழக்கம். ஒரு சாக்க எடுத்து, ஒரு மூலைய இன்னொரு மூலைக்குள்ள குத்தி, தலையில கவுத்திக்கிட்டேன். அதுக்கு நம்ம பக்கம் கொங்காணின்னு பேரு. பக்கத்துல ஒரு ஆளு நனைஞ்சுக்கிட்டு நிக்காரு. நான் பெரிய உபகாரி, "அண்ணே, கொங்காணியத் தூக்கித் தலையில போடுங்க"ன்னு கத்தினேன். அவரு மொறைக்காரு. அவரு செர்ளாய்ப் பக்கம் குடியிருக்க கொங்கணிக்காரரு. கோவாவுலேருந்து நானூறு வருசத்துக்கு முந்தி வந்து குடியேறி, கோயிலு கட்டிக் கும்பிடுத சனம். அவங்கள்ல ஒருத்தரத் தூக்கித் தலையில போடச் சொல்லுதேன்னு நெனச்சிட்டாரு. அன்னிக்குத் தலை தப்பினது மழையாலதான். சத்தத்துல பாதி வார்த்தை அவரு காதுல விழல.

சிரிக்கியா? சிரி. அந்தச் சாக்குக்கு வெலை கெடையாது. நனைஞ்சா கனக்கும், நாறும், அதெல்லாம் உண்டு. ஆனா மூச்சு விடும். மலையாளத்துக் கெழவனுங்க வயல்ல தொப்பிக்குடைன்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, பாத்திருக்கியா? ஓலையில முடைஞ்சது, பெரிய சட்டியக் கவுத்த மாதிரி தலையில உக்காந்திருக்கும். ரெண்டு கையும் வேலைக்குச் சும்மா இருக்கும். மழை தோளுக்கு வெளிய விழும். காத்து கீழேருந்து ஏறும். ஜிப்பு கெடையாது, எலாஸ்டிக் கெடையாது. ஒண்ணு கெட்டா ஓலை வெட்டி இன்னொண்ணு முடைவான்.

இப்ப மிளகு சமாச்சாரத்துக்கு வாரேன். கோட்டுக்கும் மிளகுக்கும் என்ன சம்பந்தம்னு பாக்கியா? எல்லாச் சம்பந்தமும் அதுலதான் இருக்கு.

மிளகுல ஈரம் நூத்துக்குப் பதினொண்ணு, பன்னெண்டுக்கு மேல ஏறப்படாது. ஏறினா பூசணம். வாங்க வாரவன் கையில அள்ளி உருட்டிப் பாப்பான். காஞ்ச மிளகு சலசலன்னு பேசும், ஈர மிளகு வாயத் தொறக்காது. சரி, மழைக்காலத்துல மூட்டைய எப்படிக் காப்பாத்தணும்? வேலைக்குச் சேந்த புதுசுல நானும் ஒன்ன மாதிரி புத்திசாலி. மொதலாளி ஊருக்குப் போயிருந்தாரு. நான் தார்ப்பாயக் கொண்டு வந்து, அடுக்கு முழுக்கப் போத்தி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது, பாத்துக்கோன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னேன். ஒரு வாரம் கழிச்சு அவுத்துப் பாத்தா தார்ப்பாய்க்கு அடியில முத்து முத்தா வேர்வை. மேல் மூட்டை எல்லாம் ஈரம். மழை நனைக்கல தம்பி. மூட்டை தானே வேர்த்து, தானே நனைஞ்சு, தானே கெட்டுப் போச்சு.

எங்க மூப்பன் என்னைய அடிக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "ஒன்ன அதுக்குள்ள வச்சுக் கட்டிப் பாப்பமாடா?"

அதுக்குப் பொறவு கத்துக்கிட்டேன். மூட்டைய தரையில வைக்கப்படாது, பலகை மேல வைக்கணும். செவரோட ஒட்டப்படாது. வெயில் எட்டிப் பாக்குத மத்தியானத்துல கதவத் தொறந்து விடணும். தார்ப்பாய் மழைக்கு மட்டும்தான். மழை விட்டதும் மொத வேலை அத எடுக்கது. தண்ணிய உள்ள விடாம இருக்கது பாதி வேலை, உள்ள உள்ளத வெளிய விடுதது மீதி.

இந்த மீதி வேலையத்தான் ஒன் கோட்டு செய்யும்னு அட்டையில போட்டிருக்கு, இல்ல? மூச்சு விடுத துணின்னு. அது பொய் இல்ல. வாயனசாலையில வாசிச்சிருக்கேன். அமெரிக்காவுல பாப் கோர்னு ஒருத்தன், 1969-ல, டெஃப்லான் கம்பியச் சூடாக்கி மெள்ள மெள்ள இழுத்துப் பாத்திருக்கான். சவம் அறுந்துக்கிட்டே இருந்திருக்கு. எரிச்சல்ல ஒரு வெடுக்கு வெடுக்கினான், நீளமா வந்துட்டு. அதுக்குள்ள கோடிக்கணக்குல பொடித் தொளை. மழைத்துளி நொழையாது, வேர்வை ஆவி வெளிய போயிரும். 1976-ல அது கோர்டெக்ஸ்னு துணியாகி விலைக்கு வந்துட்டு. கோவத்துல ஒருத்தன் இழுத்ததுக்கு ஒலகமே காசு குடுக்குது. நான் கோவத்துல இழுத்தப்பல்லாம் கதவுக் கொண்டிதான் கையோட வந்திருக்கு.

ஆனா அந்தத் தொளை வழியா ஆவி ஏன் வெளிய போவணும்? அதுக்கென்ன வேண்டுதலா? உள்ள ஈரம் கூட இருந்து, வெளிய கொறவா இருந்தாத்தான் போவும். பஸ்ஸுக்குள்ள நெரிசல், பஸ்ஸ்டாண்டு காலி, எல்லாவனும் எறங்குவான். பஸ்ஸுக்குள்ளயும் நெரிசல், பஸ்ஸ்டாண்டுலயும் அதே நெரிசல்னா? கதவு எத்தனை தொறந்து வச்சு என்ன, எறங்குதவன் எங்க கால வைப்பான்? கொச்சியில எடவப்பாதி நேரம் காத்துல ஈரம் நூத்துக்குத் தொண்ணூற ஒட்டி நிக்கும். ஒன் ஒடம்பு வேர்வை வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பாத்துட்டு, திரும்பிப் போய் ஒன் பனியன்லயே உக்காந்துக்கும். அந்தத் துணிய மலை ஏறுத குளிர் தேசத்துக்காரனுக்காகச் செஞ்சான். அங்க அது ராசா. இங்க அது வெறும் தார்ப்பாய், காலர் வச்ச தார்ப்பாய்.

நம்ப மாட்ட. போன வருசம் மாடியில குடியிருந்த பையனும் நம்பல. காக்கநாட்டுல கம்ப்யூட்டர் வேலை, மெட்ராஸ்காரன். ஒன்ன மாதிரியே, இதே வெலைப் பொட்டலத்தோட வந்தான். நான் தராசுக்காரன், வாய்ச்சண்டை போட மாட்டேன். மூணு சட்டைய எடைபோட்டோம், தெரிஞ்ச சுக்குக் கடை தராசுல. எல்லாம் 200 கிராம் சுமார். அவன் கோட்டுக்குள்ள ஒண்ணு, தெரிஞ்ச சுமட்டுக்காரன் ஒருத்தன் சாக்குக்குள்ள ஒண்ணு, நான் கொடைக்குள்ள ஒண்ணு. வேனல் மழை இறங்கினதும் மூணு பேரும் ஜூ டவுன்லேருந்து ஜெட்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பினோம். எதுக்க வந்த வெள்ளைக்காரி ஒருத்தி எங்களப் போட்டோ பிடிச்சா. என்ன திருவிழான்னு நெனச்சாளோ.

திரும்பி வந்து சட்டையக் கழட்டி வச்சோம். சாக்குச் சட்டை 130 கிராம் ஏறியிருந்துது. கோட்டுச் சட்டை 90. கொடைச் சட்டை 40, அதுவும் தோள்ப்பட்டையில மட்டும். பையன் மூஞ்சியப் பாக்கணுமே. "தாத்தா, சாக்க விட நான் 40 கிராம் கொறவு"ன்னான். ஆமா, கொறவுதான். 18,000-த்த 40-ஆல வகுத்துப் பாருன்னேன். ஒரு கிராம் காய்ஞ்சு இருக்க 450 ரூவா. ஏலக்காய் கூட அந்த வெலைக்கு வித்ததில்லை தம்பி. அப்புறம் மோந்து பாருன்னேன். மழைத்தண்ணி நனைச்ச சட்டை மழை வாசம். வேர்வை நனைச்ச சட்டை என்ன வாசம்னு ஒனக்குச் சொல்லணுமா?

அந்தப் பையன் இப்ப பெங்களூருக்கு மாறிப் போயிட்டான். அங்க அந்தக் கோட்டு நல்லா இருக்குன்னு எழுதியிருந்தான். இருக்கும். அது குளிர்ச்சியான ஊரு. கோட்டு மேல எனக்கு ஒரு வெரோதமும் கெடையாது.

அந்த நம்பர் என்ன? 10,000 மில்லிமீட்டரா? எனக்கே ஒரு நாள் தலை சுத்திட்டு. 10,000 மில்லிமீட்டர் மழையத் தாங்கும்னு நெனச்சிராத. துணி மேல ஒரு குழாய நட்டு வச்சுத் தண்ணி ஊத்துவான். எத்தனை ஒசரம் நிக்கும்போது மறுபக்கம் கசியுதுன்னு பாப்பான். 10,000 மில்லின்னா பத்து மீட்டர், மூணு மாடி ஒசரத் தண்ணி. நீ ஆபீசுக்குப் போறியா, அழிமுகத்துல முங்கி, மூழ்கின கப்பல் தேடப் போறியா? விழுத துளிக்கு அவ்வளவு வேண்டாம். ஆனா ஒரு நியாயமும் இருக்கு, சொல்லிருதேன். பைவார் தோளுல அழுத்துத எடம், வண்டி சீட்டுல உக்காருத எடம், அங்கதான் தண்ணி துணிய முட்டித் தள்ளும். மூட்டையிலயும் கயிறு இறுக்கின எடத்துலதான் மொத ஈரம் ஏறும். அதனால நம்பரு சுத்தமா வெத்துன்னு சொல்ல மாட்டேன். பாதி நம்பரு போதும்.

அதோட ஒண்ணு. தண்ணி முத்து மாதிரி உருண்டு ஓடுது பாருன்னு கடையில காட்டுவான். துணி மேல பூசுத மருந்தோட வேலை அது. அழுக்கு ஏறினா அந்த உருட்டு நின்னுரும், துவைச்சு லேசாச் சூடு காட்டினாத் திரும்ப வரும். அந்த மருந்துல சில சாதி மண்ணுலயும் தண்ணியிலயும் போனா அழியவே அழியாதாம். கலிபோர்னியாவுல 2025-லேருந்து துணியில அதச் சேக்கப்படாதுன்னு சட்டமே போட்டாச்சு. உள்ப்பக்கப் பூச்சு இன்னொரு கதை. ஈரத்தோட மடிச்சு அலமாரியில வச்சா, இந்த ஊருப் புழுக்கத்துல ரெண்டு மூணு வருசத்துல பிசுபிசுத்து, பொடுகு மாதிரி உதிரும். 18,000 ரூவாப் பொடுகு.

கோட்டே புதுசு இல்ல. 1823-ல கிளாஸ்கோவுல சார்லஸ் மக்கின்டாஷ்னு ஒருத்தரு ரப்பரத் தாரெண்ணெயில கரைச்சு, ரெண்டு துணிக்கு நடுவுல தோசைமாவு தேய்க்க மாதிரித் தேய்ச்சு ஒட்டினாரு. தண்ணி எறங்கல. ஆனா வெயில்ல ஒழுகும், குளிர்ல வெறைச்சு நிக்கும், நாத்தம் வேற. 1839-ல குட்இயர் ரப்பரோட கந்தகத்தச் சேத்துச் சூடு காட்டினப்பத்தான் அது ஒழுங்கா நின்னுது. நம்ம நாட்டுலயும் 1920-ல கல்கத்தாவுல சுரேந்திர மோகன் போஸுன்னு ஒரு சுதேசிக்காரரு டக்பேக் கோட்டுக் கம்பெனி தொடங்கினாரு. வாத்து முதுகுல தண்ணி நிக்காதுல்ல, அந்தப் பேருதான். எங்க மொதலாளி சேட்டு ஒண்ணு வச்சிருந்தாரு. மழையில அவரு வாராருன்னு நாங்க கண்ணால பாக்க வேண்டாம், மூக்கே சொல்லிரும். இருபது வருசம் கிழியல.

ரப்பருன்னதும் நெனப்பு வருது. கோட்டயம் பக்கம் போனா ரப்பர் மரத்தப் பாரு. எடவப்பாதிக்கு முந்தி ஒவ்வொரு மரத்துக்கும் பிளாஸ்டிக் பாவாடை கட்டி விடுவான். ஒலகத்துக்கே மழைக்கோட்டுக்குப் பாலு குடுத்த மரம், அதுக்கே ஒரு மழைக்கோட்டு! ஆனா எப்படிக் கட்டுதான் பாரு. மரம் முழுக்கப் போத்த மாட்டான். பால் வெட்டுத எடத்துக்கு மேல மட்டும் ஒட்டி, கீழ அகலமாத் தொறந்து விட்டிருப்பான். தண்ணி வெளிய வழியும், காத்து உள்ள ஆடும். மரத்துக்குக் கோட்டு தைக்கவனுக்கு இருக்க புத்தி, மனுசனுக்குத் தைக்கவனுக்கு இல்லையேன்னு எனக்கு ஒரே ஆத்தாமை.

கீழ தொறந்திருக்க கோட்டுக்குப் பேரு என்ன? கொடை! நம்ம ஆலப்புழைக்காரன் 1954-லேருந்து செயின்ட் ஜார்ஜுன்னு கொடை கட்டி வித்தான். 1995-ல குடும்பம் ரெண்டாப் பிரிஞ்சு பாப்பின்னும் ஜான்ஸுன்னும் ஆச்சு. ஒரு கொடைக்கம்பெனி ரெண்டாச்சுன்னா என்ன அர்த்தம்? கேரளத்துல மழைக்குப் பஞ்சமில்லைன்னு அர்த்தம். நடக்கவனுக்குக் கொடை போதும். அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில கொடை பிடிப்பான்னு அந்தக் காலத்துல சொன்னாங்க. இப்ப ஏசி ஓடுத வாட்டர் மெட்ரோ போட்டுக்குள்ள கோட்டு போட்டு, தலைமூடிய இழுத்து முடிஞ்சு உக்காந்திருக்கான். ஜன்னலுக்கு வெளிய வெயில் அடிக்குது.

என்ன, நீ ஸ்கூட்டர்லயா போற? இத மொதல்லயே சொல்லப்படாதா? இவ்வளவு நேரம் ஒரு கெழவனப் பேச விட்டு வேடிக்கை பாத்திருக்க.

அப்ப கோட்டு வேணும். ஒத்துக்கிடுதேன். வண்டியில கொடை பிடிக்கப்படாதுன்னு 2021-லயே போக்குவரத்து டிபார்ட்மென்ட் உத்தரவு போட்டுட்டு. நியாயம்தான், எதிர்காத்துல கொடை பாய்மரமாயிரும், வண்டி தோணியாயிரும். தோப்பும்படிப் பாலத்துல அப்படிப் பறந்தவனப் பாத்திருக்கேன். ஓடுத வண்டியில காத்தும் அடிக்கும், புழுக்கம் அவ்வளவு தெரியாது.

ஆனா இது வேண்டாம். சுள்ளிக்கல் பக்கம் தெருவோரம் தொங்கவிட்டு விக்கான் பாரு, சட்டை தனி, கால்சட்டை தனி, ரெட்டை. ஆயிரம் ரூவாயச் சுத்தித்தான் இருக்கும். அங்க போ. வாங்கும்போது தையல உள்ள பெரட்டிப் பாரு. ஊசி போன எடமெல்லாம் தொளைதான், அது மேல நாடா ஒட்டியிருக்கணும், ஒட்டலைன்னா ஒழுகும். ஜிப்பு மேல மடிப்பு இருக்கணும். ஒரு சுத்து பெருசா வாங்கு, காத்து ஆடணும். முதுகுலயோ அக்குள்லயோ தொறப்பு இருந்தா நல்லது. கறுப்பு வாங்காத. கர்க்கடக மழையில லாரிக்காரன் கண்ணுக்குக் கறுப்பும் ரோடும் ஒண்ணுதான். மஞ்சள் வாங்கு. கூட்டாளி சிரிப்பான், சிரிக்கட்டும். லாரிக்காரன் பாக்கான்ல? போர்வை மாதிரித் தொங்குதது வேண்டாம், சக்கரத்துல மாட்டும். தலைமூடிய ஹெல்மெட்டுக்கு மேல மாட்டாத, பக்கவாட்டுல வார வண்டி தெரியாது.

கடைக்காரன் சும்மா இருக்க நேரமாப் பாத்து, மடியில கோட்டக் குழியா விரிச்சு ஒரு சொம்புத் தண்ணி ஊத்தச் சொல்லு. ஒரு சாயா குடிக்க நேரம் பொறு. வேட்டி நனைஞ்சா எழும்பி வந்திரு. நனையலைன்னா பேரம் பேசு. இதுக்கு மேல ஒரு பரிசோதனை எனக்குத் தெரியாது.

கால மறந்துட்டியே! மேல 10,000 மில்லி, கீழ ரப்பர் செருப்பு. இங்க வேலியேத்தம்னு கடல்தண்ணி ஏறுததும் மழையும் ஒரே நேரத்துல வந்தா ஓடைத் தண்ணி காயலுக்கு எறங்காது. காயல்தான் ஓடை வழியாத் தெருவுக்கு ஏறும். முழங்கால் தண்ணியில எலி மூத்திரமும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் வெளையாட்டுச் சமாச்சாரம் இல்ல தம்பி, கால்ல சின்னப் புண்ணு இருந்தாலே போதும். கோட்டுல மிச்சம் பிடிச்ச காசுல ஒரு கம்பூட்டு வாங்கு. அதுல நான் கேலி பண்ண மாட்டேன்.

அதத் திருப்பி அனுப்ப முடியாதா? ஏழு நாளு தாண்டிட்டா? அப்ப நோக்குகூலின்னு நெனச்சுக்கோ. தெரியாதா? வேற ஆளு மூட்டை எறக்குவான், யூனியன்காரன் ஓரமா நின்னு பாப்பான், பாத்ததுக்குக் கூலி கேப்பான். 2018 மே 1-ம் தேதியோட அத நிறுத்தியாச்சுன்னு சர்க்கார் அறிவிச்சுது. ஒன் அலமாரியில மட்டும் தொடரும். தெருவோரக் கோட்டு வேலை செய்யும், இது உள்ள தொங்கிக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கும்.

அன்னா பாரு. பேச்சுல கவனிக்கல. ஐலண்டுக்கு அந்தால கெழக்க கறுத்துட்டு. காத்து நின்னுட்டு பாத்தியா? காக்கா எல்லாம் தாழப் பறக்குது. இன்னும் பத்து நிமிசம், அவ்வளவுதான்.

ஏய், இந்தா, மொட்டைமாடியில என்ன காயுது? கூழ்வத்தலா? காலையில பிழிஞ்சதா? அய்யய்யோ.

தம்பி, எழும்பு, ஓடு. சாக்கு எடுக்காத, சணல் நாரு ஒட்டும், பொறவு ஆச்சி என்னையப் பிழிஞ்சு காயப் போட்டுருவா. அந்தப் பொட்டலத்தப் பிரி. அட்டை கெடக்கு, தூரப் போடு. ரெண்டு கையையும் நல்லா விரிச்சுப் போத்து. நாலு மூலைக்கும் செங்கல் வை, தலைமூடி மேலயும் ஒண்ணு வை, காத்து தூக்கிரும். அக்குள் ஜிப்ப மூடு. அந்த ஓரம் ரெண்டு வரிசை வெளிய தெரியுது பாரு, இழு, இன்னும் கொஞ்சம் இழு. ஆங், அப்படித்தான். மழை விட்டதும் நான் கூப்பிடுததுக்கு முந்தி ஓடிப் போய் எடுத்திரு. உள்ள வேர்த்துரும்.